காடு அறிந்த காவல்

அலகாபாத் கோட்டையிலே நிற்கும் அசோக ஸ்தம்பத்தின் மேல், ஹரிஷேணன் என்னும் கவி தன் அரசனாகிய சமுத்திரகுப்தனைப் புகழ்ந்து பொறித்து வைத்த நீண்ட சாசனத்தில், தென்னாட்டு மன்னர்களின் வரிசையிலே காஞ்சியின் விஷ்ணுகோபனுடைய பெயரும் வருகிறது என்பது சரித்திரம் படித்த காஞ்சிபுரத்தார் பலருக்கும் தெரிந்த சங்கதிதான். தென்னாட்டு அரசர்களைப் பிடித்து, விடுவித்து, அவர்களுக்கு அனுக்கிரகமும் செய்ததாகப் பெருமை பாராட்டும் அந்தச் சாசனம், காட்டு அரசர்களைப் பற்றிச் சொல்ல நேரும்போது மட்டும் தொனியை மாற்றிக்கொண்டு, அவர்கள் எல்லோரையும் ஏவலாளராக்கிக்கொண்டதாக ஒரே வீச்சில் சொல்லி முடிக்கிறது. நகரத்து அரசனோடு உடன்படிக்கை பேசலாம், காட்டை அடக்கியே தீர வேண்டும் என்ற அந்தப் பழைய ராஜதந்திர மனோபாவம் பதினாறு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் நம் சர்க்கார்களை விட்டு முற்றிலும் நீங்கியதாகச் சொல்ல முடியாது. ஆனால் காட்டை அடக்குவதற்கு முதலில் காட்டை அறிய வேண்டும் என்ற எளிய உண்மையை உணர்ந்து, அதற்கென்றே ஒரு போலீஸ் படையைப் பழக்கி எடுத்த சர்க்கார் ஒன்று நமக்கு வெகு அருகிலேயே இருந்தது.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் முகூர்த்த மாதங்களில் சற்று நேரம் நின்றால், கல்யாணப் பட்டு எடுக்கச் சித்தூரிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் வந்து இறங்குகிறவர்களின் தெலுங்கு, தமிழுக்கு ஈடாகக் காதில் விழும். அவ்வளவு நெருங்கிய அந்த ஆந்திர தேசம் 1989-ல் நிறுவிய அந்தப் படைக்குப் பெயர் கிரேஹவுண்ட்ஸ். ஓட்டத்துக்குப் பேர்போன வேட்டை நாய் ஜாதி ஒன்றின் பெயர். மாநில போலீஸின் ஒரு பிரிவேயன்றி அது ராணுவமும் அல்ல, மத்திய சர்க்காரின் ரிசர்வ் போலீஸும் அல்ல. போலீஸும் பொது ஒழுங்கும் மாநிலங்களின் பொறுப்பு என்று அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணை சொல்வதால், ஆயுதம் ஏந்திய கிளர்ச்சியாளர்களை எதிர்ப்பதிலும் முதல் கடமை மாநிலத்துக்கே உரியது. அந்தக் கடமையை வெளியாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லாமல், தானே ஒரு வழி கண்டதுதான் ஆந்திரத்தின் விசேஷம்.

அதற்கு அவசியம் ஏற்பட்ட கதை நீண்டது. 1946 முதல் 1951 வரை தெலங்கானாவில், முதலில் நிஜாமின் ஆட்சியையும் ஜமீன்தார்களின் வெட்டி வேலையையும் எதிர்த்து, பிறகு இந்திய சர்க்காரையே எதிர்த்து நடந்த ஆயுதப் போராட்டம் அந்த மண்ணில் விட்டுச் சென்ற நினைவு அழியவில்லை. 1960-களின் கடைசியில் ஸ்ரீகாகுளத்து மலைகளில் லேவாதேவிக்காரர்களிடமும் நிலம் பிடித்தவர்களிடமும் நொந்து போயிருந்த கிரிஜனங்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்தக் கிளர்ச்சியை போலீஸ் ஒடுக்கிற்று, ஆனால் அதன் பயனாகவே பழங்குடிப் பகுதிகளில் வெளியார் நிலம் வாங்குவதைத் தடுக்கும் 1970-ஆம் ஆண்டின் முதலாவது ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது. பின்னர் 1980 ஏப்ரலில் கொண்டபல்லி சீதாராமய்யா மக்கள் யுத்தக் குழுவைத் தொடங்கினார். ‘தளம்’ என்று தெலுங்கில் வழங்கும் சிறு சிறு ஆயுதக் குழுக்கள் கோதாவரிக் கரையிலிருந்து நல்லமலைக் காடு வரை பரவின; கிராமத்துப் பஞ்சாயத்தும் கூலி நிர்ணயமும் தண்டனையும் அவற்றின் கையிலே இருந்த பிரதேசங்கள் பல உண்டாயின.

இந்நிலையில் சாதாரண போலீஸின் பாடு பரிதாபகரமாயிருந்தது. ஜீப்பில் ஏறினால் சாலையிலே கண்ணிவெடி. ஸ்டேஷனிலே உட்கார்ந்திருந்தால் இரவில் முற்றுகை. காட்டுக்குள் பெரும் கூட்டமாகப் போனாலோ, வருகிற செய்தி இரண்டு நாள் முன்னதாகவே தளத்துக்கு எட்டிவிடும். திருவிழாக் கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதற்கும் திருட்டைத் துப்புத் துலக்குவதற்கும் பழகிய கைகள் அவை. 2019-ல் அத்திவரதர் தரிசனத்துக்கு நாற்பத்தெட்டு நாட்களில் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் காஞ்சிபுரத்தில் வந்து குவிந்தபோது, கயிறு கட்டி, வரிசை அமைத்து, வெயிலில் மயங்கி விழுந்தவர்களைத் தூக்கி, தங்களால் இயன்ற மட்டும் சமாளித்த நம் காவலர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும். அதே மனிதர்களைத் திடீரென்று தண்டகாரண்யத்தில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆவார்கள் என்பதையும் ஊகிக்கலாம்.

1987 டிசம்பரில் கிழக்கு கோதாவரி மாவட்டத்து மலைப்பகுதியில், எஸ்.ஆர். சங்கரன் உள்ளிட்ட ஐ.ஏ.எஸ். அதிகாரிகளை மக்கள் யுத்தக் குழு சிறைபிடித்தது. சிறையிலிருந்த நக்சலைட்டுகள் சிலரை விடுவித்துத்தான் சர்க்கார் அவர்களை மீட்க நேர்ந்தது. இந்தச் சங்கரன் நம் தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தை ஏட்டிலே வைத்திராமல் கிராமம் கிராமமாகச் சென்று நடைமுறைப்படுத்தியவர். பிரம்மசாரியாக வாழ்ந்து, 2005-ல் அளிக்கப்பட்ட பத்ம பூஷண் விருதையும் வேண்டாமென்று மறுத்தவர். ஏழைகளுக்காகப் போராடுவதாகச் சொல்லிக்கொண்டவர்கள், ஏழைகளுக்காக உழைத்த அதிகாரியையே பணயமாகப் பிடித்த விசித்திரத்தை என்னவென்று சொல்வது! அவருடைய பெயர் இந்தக் கதையில் மறுபடியும் வரும்.

இந்த அவமானத்துக்கு இரண்டாண்டுகளுக்குள், கே.எஸ். வியாஸ் என்ற ஐ.பி.எஸ். அதிகாரி கிரேஹவுண்ட்ஸை உருவாக்கினார். அவருடைய யோசனை மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் மிகச் சாதாரணமானது. கொரில்லாவை வெல்ல வேண்டுமானால் கொரில்லாவைப் போலவே வாழப் பழக வேண்டும் என்பதே அதன் சாரம். மாநில போலீஸிலிருந்து, முக்கியமாக ஆயுதப் போலீஸிலிருந்து, உடல் வலிமையும் மனத்திண்மையும் உள்ள இளைஞர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவர்கள் ஆயுள் முழுவதும் அங்கேயே இருப்பதில்லை. சில ஆண்டுகள் காட்டில் பணி செய்துவிட்டு, வயது ஏறுவதற்கு முன்பே சாதாரண போலீஸுக்குத் திரும்பிவிடுவார்கள். இதனால் படை என்றும் இளமையாயிருந்தது. அதே சமயம், காட்டை அறிந்த காவலர்கள் மாநிலத்தின் ஸ்டேஷன்கள்தோறும் பரவவும் நேர்ந்தது. புதிதாக வந்த இளம் ஐ.பி.எஸ். அதிகாரிகளும் இந்தப் படையிலே குழுத் தலைவர்களாக முதுகில் மூட்டை சுமந்து நடக்க வேண்டியிருந்தது. சம்பளத்துக்கு மேல் கணிசமான படியும், உயிர் போனால் குடும்பத்துக்குத் தாராளமான ஈட்டுத் தொகையும் உண்டு. படையின் மொத்த எண்ணிக்கையோ சுமார் இரண்டாயிரம்தான். பெரிய ராஜ்யம் ஒன்றின் காட்டுப் பரப்பு முழுவதற்கும் இது அற்பம் என்றே யாருக்கும் தோன்றும்.

எண்ணிக்கையை நம்பாத படை நடையை நம்பியது. இருபது இருபத்தைந்து பேர் கொண்ட ஒரு குழு, சில நாட்களுக்கு வேண்டிய உலர்ந்த உணவையும் தண்ணீரையும் தோட்டாக்களையும் தானே சுமந்துகொண்டு, வாகனத்தை வெகு தொலைவிலேயே விட்டுவிட்டு, சாலையையும் ஒற்றையடிப் பாதையையும் தவிர்த்து, பெரும்பாலும் இரவிலே நடந்து காட்டுக்குள் புகும். பாதையிலே நடந்தால் கண்ணிவெடி. கிராமத்தில் தங்கினால் செய்தி பரவும். சமைத்தால் புகை காட்டிக்கொடுக்கும். ஆகவே பாதையில்லாப் பாதையும் அடுப்பில்லாச் சாப்பாடும் அவர்களுக்கு விதியாயின. ஒருவரோடொருவர் பேசாமல் சைகையினால் காரியம் நடத்துவதும், ஒரே இடத்தில் மணிக்கணக்காக அசையாமல் கிடப்பதும், திரும்பும்போது வந்த வழியே வராதிருப்பதும் பயிற்சியின் பகுதிகள். துப்பாக்கி சுடுவதைக் காட்டிலும் சுடாமல் காத்திருப்பதே இவர்களுக்குக் கடினமான பாடமாக இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆனால் படையின் வெற்றிக்கு அதன் கால்களை மட்டும் காரணமாகச் சொல்கிறவர்கள் பாதிக் கதையையே சொல்கிறார்கள். மறுபாதி, விசேஷ உளவுப் பிரிவு என்று அதனோடு இணைந்து வேலை செய்த ஸ்தாபனம். எந்தத் தளம் எந்த மலையில் எத்தனை பேரோடு, எத்தகைய ஆயுதத்தோடு, யாருடைய தலைமையில் நடமாடுகிறது என்பதை வருஷக்கணக்காகப் பொறுமையுடன் சேகரித்து, குறிப்பிட்ட ஓர் இடத்தையும் நேரத்தையும் அது சுட்டிக்காட்டிய பின்பே கிரேஹவுண்ட்ஸ் புறப்படும். சரணடைகிறவருக்கு, அவருடைய தலைக்கு சர்க்கார் விலையாக வைத்திருந்த தொகையையே அவரிடம் கொடுத்து வாழ வழி செய்த திட்டம், தளங்களிலிருந்து ஆட்களையும் கொண்டுவந்தது, அவர்களோடு தகவலையும் கொண்டுவந்தது. காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடினாலும் இழைக்கு இழை கோத்து நெய்யப்படுவதால் கரை பிரியாமல் நிற்பதுபோல, உளவும் நடவடிக்கையும் அங்கே பின்னிக் கிடந்தன. பின்னாளில் இந்தப் படையைக் கண்டு ஆசைப்பட்டுத் தங்களுக்கும் ஒன்று அமைத்துக்கொண்ட மாநிலங்களில் சில, பளபளப்பான கரையை மட்டும் வாங்கிப்போய், உடலை மறந்துவிட்டன.

எதிர்த்தரப்பும் வாளாவிருக்கவில்லை. படையை நிறுவிய வியாஸையே 1993 ஜனவரி 27-ஆம் தேதி ஹைதராபாத் லால் பகதூர் ஸ்டேடியத்தில் உடற்பயிற்சி ஓட்டத்தின்போது நக்சலைட்டுகள் சுட்டுக் கொன்றார்கள். 1999 செப்டம்பரில் உமேஷ் சந்திரா என்ற போலீஸ் அதிகாரி அதே நகரத்தில், பட்டப்பகலில், நடுத்தெருவில் மாண்டார். 2003 அக்டோபர் 1-ஆம் தேதி, காஞ்சிபுரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில், திருமலை அடிவாரமாகிய அலிபிரியில், முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவின் வாகனத்தைக் கண்ணிவெடி தூக்கியெறிந்தது. அவர் காயத்தோடு தப்பினார். திருப்பதிக்குப் போய்வந்துகொண்டிருந்த நம் ஊர்ப் பக்தர்களுக்கு ஆந்திரத்து நக்சலைட் விவகாரம் அந்நிய தேசத்துச் செய்தி அல்ல என்பதை அந்த வெடி அன்று உணர்த்தியிருக்கும்.

2004 அக்டோபரில் ராஜசேகர ரெட்டியின் சர்க்கார், மாவோயிஸ்டுகள் என்று பெயர் மாற்றிக்கொண்ட மக்கள் யுத்தக் குழுவினரை ஹைதராபாத்துக்கு அழைத்து நேருக்கு நேர் பேசிற்று. அதற்குப் பல வருஷங்களாக இரு தரப்பாரிடமும் நடையாய் நடந்து வழி திறந்தவர், முன்பு பணயக் கைதியாயிருந்த அதே சங்கரன்தான். தன்னைப் பிடித்தவர்களிடம் கோபம் பாராட்டாமல், பிரஜைகளின் குழு ஒன்றை 1997-ல் கூட்டி, அரசின் அத்துமீறலையும் கிளர்ச்சியாளரின் கொலைகளையும் ஒருசேரக் கண்டித்து வந்தார் அவர். ஆயுதத்தைக் கீழே வைப்பது யார் முதலில் என்ற கேள்வியில் பேச்சு முறிந்தது. அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகளில் நல்லமலைக் காட்டிலிருந்து மாவோயிஸ்டுகள் ஏறக்குறைய முற்றிலும் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய மாநிலச் செயலாளர் மாதவ் 2006-ல் கொல்லப்பட்டார். எஞ்சியவர்கள் ஒடிசாவுக்கும் சத்தீஸ்கருக்கும் நகர்ந்தார்கள்.

அவர்களைப் பின்தொடர்ந்து எல்லை கடந்த இடத்திலேதான் படைக்குப் பேரிழப்பு நேர்ந்தது. 2008 ஜூன் 29-ஆம் தேதி, ஒடிசாவின் மல்காங்கிரி மாவட்டத்தில் பலிமேலா நீர்த்தேக்கத்தை ஒரு படகில் கடந்துகொண்டிருந்த குழுவினர் மீது, கரையோரக் குன்றுகளின் மேலிருந்து குண்டு மழை பொழிந்தது. படகு கவிழ்ந்து, சுடப்பட்டும் நீரில் மூழ்கியும் முப்பத்தெட்டுப் பேர் மாண்டனர். காலால் நடப்பதையே தர்மமாகக் கொண்ட படை, அலுப்பினாலோ அவசரத்தினாலோ தப்ப வழியில்லாத ஒரு வாகனத்தில் ஒன்றாக ஏறிய அன்று இது நடந்தது. கொரில்லாப் போரில் விதியை நூறு முறை காப்பாற்றியவனுக்கு நூற்றோராவது முறை சலுகை கிடையாது.

நம் தமிழ்நாட்டிலும் இத்தகைய வேட்டைகளின் அனுபவம் இல்லாமலில்லை. 1980 ஆகஸ்டில் திருப்பத்தூரில் ஆய்வாளர் பழனிச்சாமியும் வேறு காவலர்களும் நக்சலைட்டின் குண்டுக்கு இரையானபோது, எம்.ஜி.ஆர். சர்க்கார் வால்டர் தேவாரத்தின் தலைமையில் வட ஆர்க்காடு, தர்மபுரி மாவட்டங்களில் ஒரு வேட்டையைத் தொடங்கிற்று. மாண்ட ஆய்வாளரின் மகளுடைய பெயரே அந்த நடவடிக்கைக்கு இடப்பட்டது. அது முடிவதற்குள் ‘என்கவுன்ட்டர்’ என்ற சொல் தமிழ்ப் பத்திரிகைகளில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. பிற்பாடு வீரப்பனைப் பிடிக்க அமைத்த அதிரடிப்படையும், எல்லைப் பாதுகாப்புப் படையின் துணையும், இரு மாநிலங்களின் கோடிக்கணக்கான பணமும் பத்தாண்டுகளுக்கு மேலாகச் சாதிக்காததை, 2004 அக்டோபர் 18-ஆம் தேதி இரவு, விஜயகுமாரின் தலைமையில், பாப்பாரப்பட்டிக்கு அருகே ஆம்புலன்ஸ் வேடமிட்ட ஒரு வண்டியும் அதை ஓட்டிவந்த மாறுவேடக் காவலரும் சாதித்தார்கள். அங்கும் ஜெயித்தது எண்ணிக்கையல்ல, உளவு. அந்தப் படை கலைக்கப்படவில்லை; மூன்று மாநிலங்கள் சந்திக்கும் காடுகளில் மாவோயிஸ்டுகளின் நடமாட்டத்தைக் கண்காணிப்பது இன்று அதன் வேலை.

இனி, புகழ்ந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தொடாத பக்கத்துக்கு வருவோம். காட்டுக்குள் இருபது பேர் போகிறார்கள். நாலைந்து சடலங்களோடு திரும்புகிறார்கள். நடந்தது இன்னதென்று சொல்ல அவர்களைத் தவிர வேறு சாட்சி இல்லை. இப்படிப்பட்ட ஸ்தாபனம் எவ்வளவு உத்தமர்களைக் கொண்டிருந்தாலும், வெளியிலிருந்து ஒரு கண் அதன் மேல் இல்லாவிட்டால் கெட்டுப்போகும். ஆந்திரத்து என்கவுன்ட்டர்கள் பலவற்றில் பிடித்து வைத்துச் சுட்டுக் கொன்றார்கள் என்ற குற்றச்சாட்டை, மதுரையில் பிறந்து ஹைதராபாத்தில் வக்கீலாயிருந்த கே.ஜி. கண்ணபிரான் போன்றவர்கள் ஆயுள் முழுதும் நீதிமன்றங்களில் வாதித்தார்கள். அங்குள்ள மனித உரிமை அமைப்பின் புகாரை விசாரித்ததன் விளைவாகத்தான் 1997-ல் தேசிய மனித உரிமை ஆணையம், என்கவுன்ட்டர் மரணங்களைப் புலனாய்வு செய்வதற்கான நெறிமுறைகளை எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பிற்று. நம் பக்கத்தில், வீரப்பன் வேட்டையின்போது மலைக் கிராமத்து ஜனங்கள் பட்ட சித்திரவதைகளை நீதிபதி சதாசிவா குழு விசாரித்ததன் பேரில், 2007-ல் எண்பத்தொன்பது பேருக்கு நஷ்ட ஈடு தரும்படி அதே ஆணையம் இரு மாநிலங்களையும் பணித்தது.

கிரேஹவுண்ட்ஸின் மேல் விழுந்த மிகப் பெரிய கறை வாகபள்ளி. 2007 ஆகஸ்ட் 20-ஆம் தேதி, விசாகப்பட்டினம் மாவட்டத்து மலைக் கிராமமாகிய அங்கே தேடுதலுக்குச் சென்ற அந்தப் படையினர் தங்களைப் பலாத்காரம் செய்ததாகப் பதினொரு பழங்குடிப் பெண்கள் புகார் செய்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் விசாரணையே தொடங்கியது. 2023 ஏப்ரலில் விசாகப்பட்டினத்து விசேஷ நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட பதின்மூன்று போலீஸாரையும் விடுதலை செய்தது. ஆனால் அதே தீர்ப்பில், புலனாய்வு செய்த அதிகாரிகள் கடமை தவறியதைக் கண்டித்து, அந்தப் பெண்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்கும்படியும் உத்தரவிட்டது. மண்ணின் மைந்தர்களைக் கொண்டு, மண்ணின் பாஷையைப் பேசி வேலை செய்வதே இந்தப் படையின் பலம் என்று சொல்கிறவர்கள், மலைமேல் வாழும் கோந்த் பெண்ணுக்குத் தெலுங்குக் காவலனும் அந்நியனே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் 1980-களில் விசேட அதிரடிப்படையிடம் சிக்கிய தமிழ்க் குடியானவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

2014-ல் மாநிலம் பிரிந்தபோது படையும் ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்குமாகப் பிரிந்தது. அதற்கு முன்பே இந்தப் படையைப் பார்த்து ஒடிசாவும் ஜார்க்கண்டும் தங்கள் தங்கள் படைகளை அமைத்துக்கொண்டிருந்தன. 2008-ல் மத்திய ரிசர்வ் போலீஸின் ‘கோப்ரா’ பட்டாலியன்கள் தோன்றின. சத்தீஸ்கரோ, பழங்குடி இளைஞர்களின் கையிலே போதிய பயிற்சியின்றித் துப்பாக்கியைக் கொடுத்துக் கிராமத்தோடு கிராமத்தை மோதவிட்ட விபரீதத்தைச் செய்து, 2011-ல் உச்ச நீதிமன்றத்தால் தடுக்கப்பட்டது. 2025 நவம்பரில் மாவோயிஸ்டுகளின் பெரும் தளபதியாகிய ஹிட்மா, சத்தீஸ்கரிலிருந்து ஆந்திரத்துக்குள் வந்திருந்த சமயத்தில், மாரேடுமில்லிக் காட்டில் மாண்டதாகச் செய்தி வந்தது. ஆயுதக் கிளர்ச்சி அதன் கடைசிக் காலத்தை அடைந்துவிட்டது என்று சர்க்கார் சொல்வதை நான் பெருமளவு நம்புகிறேன். அதில் இந்தச் சிறு படையின் பங்கு பெரிது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆயினும் 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விதித்த விதிகள் ஹைதராபாத்துக்கும் சென்னைக்கும் ஒன்றுபோலவே பொருந்தும். ஒவ்வொரு என்கவுன்ட்டர் மரணத்துக்கும் முதல் தகவல் அறிக்கை வேண்டும். சம்பந்தப்படாத போலீஸ் பிரிவு புலனாய்வு செய்ய வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும். வீரம் சந்தேகமின்றி நிலைநாட்டப்படும் வரை சம்பந்தப்பட்டவர்களுக்குப் பதக்கமும் பதவி உயர்வும் உடனடியாக அளிக்கக் கூடாது. சுட்ட செய்தி முதல் பக்கத்தில் வருகிறது. விசாரணையின் முடிவு எந்தப் பக்கத்திலும் வருவதில்லை. பத்திரிகை வாங்கிப் படிக்கும் வாசகர்கள் அந்த இரண்டாவது செய்தியை ஆசிரியர்களிடமும் சட்டசபை உறுப்பினர்களிடமும் பெயர் குறித்துக் கேட்டு வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.